முகப்பு விளக்கும் உப்புக்காற்றும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும். அதனால் காலமும் பொருளும் கழியுமேயன்றி, வழியில் நடப்பார்க்கு ஊறு நேர்வதில்லை. முகப்பு விளக்குப் பழுதுபட்டாலோ வண்டி நில்லாது ஓடும். அவ்வாறு ஓடுவதே பெருந்தீங்காய் முடியும். ஓட்டுவான் பொருட்டு மட்டுமன்றி, இருளில் நடந்து செல்லும் ஏனையோர் பொருட்டும் அமைந்த உறுப்பு அது. ஆதலின் அதன் பழுதுகளை அறிவதும், அவற்றை முறையாக ஆராய்ந்து தீர்ப்பதும் வண்டி வைத்திருப்பார்க்கேயன்றிப் பௌதிக நூல் பயிலும் மாணாக்கர்க்கும் தகுந்த பொருளாம் எனக் கருதி, இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

விளக்கு மங்கினால் பல்பை மாற்றுவதும், அதனாலும் தீராவிடின் பாட்டரியை மாற்றுவதும், அதனாலும் தீராவிடின் முன்னதினும் மிகுந்த வாட்டுள்ள பல்பைப் பொருத்துவதும் பலரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். கடலோர ஊர்களில் குற்றம் பன்முறையும் பல்பிலும் இல்லை, பாட்டரியிலும் இல்லை. அவ்விரண்டையும் இணைக்கும் மூட்டுகளிலேயே உள்ளது. அதனைக் காணாது உறுப்புகளை மாற்றுவோர் பொருளை இழப்பதோடு பழுதையும் பெருக்கிக்கொள்கின்றனர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் வரிசையாக ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்க வேண்டுமென விதிக்கின்றது. உடம்பிற்குக் கூறிய அம்முறை வண்டிக்கும் பொருந்துவதே.

இதற்குப் புதுச்சேரியைச் சார்ந்த குருசுக்குப்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நகரின் வடபால் கடலை ஒட்டி மீனவர் வாழும் பகுதி அது. தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் துறைமுகத்திற்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடகரைக்கு வந்து சேரவேண்டிய மணல் தடைப்பட்டுக் கரை அரிக்கப்படலாயிற்று. அரிப்பைத் தடுக்கப் பெரும் பாறைகளைக் கரையில் அடுக்கினர். மணற்கரையில் மெல்லப் படர்ந்து அடங்கவேண்டிய அலை, பாறையில் மோதித் திவலையாய்ச் சிதறுகின்றது. அத்திவலையைக் காற்று தெருக்களுக்குள் கொண்டுசெல்லும். அங்கு நிற்கும் வண்டி ஒவ்வொன்றும் இரவும் பகலும் உப்புநீர்ப் பனியில் நனைந்து நிற்பதாகவே எண்ண வேண்டும்.

மின்னோட்டம் செல்லும் வழி

பழுதை அறியுமுன் செவ்வையாக இயங்கும் நிலையை அறிதல் வேண்டும். பாட்டரியின் நேர்முனையினின்று புறப்படும் மின்னோட்டம் ஃபியூஸ் வழியாகச் சென்று, சுவிட்சினால் இயங்கும் ரிலேயைக் கடந்து, பல்பினுள் இருக்கும் டங்ஸ்டன் இழையை அடைகின்றது. இழை வெண்சூடேறி ஒளிர்கின்றது. பின்னர் அம்மின்னோட்டம் ஒரு குறுகிய ஒயரினால் வண்டியின் இரும்புடலை அடைந்து, அவ்வுடல் வழியாகவே பாட்டரியின் எதிர்முனைக்கு மீள்கின்றது. பழைய வண்டிகள் பலவற்றில் ரிலே இராது. மின்னோட்டம் முழுவதும் சுவிட்சின் வழியே செல்லும். பழைய ஆங்கில வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் வேலை செய்வோர் அதனை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

இரும்புடல் வழியாக மீளும் பாதையை எர்த் என்பர். அச்சொல் நிலத்தைக் குறிப்பதாயினும், ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்கும் நிலத்திற்கும் இதில் யாதொரு தொடர்பும் இல்லை. எர்த் என்பது இங்கு ஒரு போல்ட்டும், அதனடியில் இறுக்கிய ஒயர் முனையும், அம்முனை தொட்டுநிற்கும் தகடுமேயாம்.

உழவர் இதனை எளிதில் உணர்வர். வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது வடிகாலும். வாய்க்காலைத் தூர்வாரி வடிகாலை மறந்தவன் வயல் நீர்தேங்கி அழுகும். அவ்வாறே நேர்முனைப் பக்கத்து ஒயர்களையெல்லாம் சோதித்து, எர்த் முனையை மறந்தவன் விளக்கைச் சீர்படுத்த மாட்டான்.

உப்பின் செயல்

1800-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டறிஞர் வோல்ட்டா என்பார் இருவகை உலோக வட்டுகளை மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, இடையறாத மின்னோட்டத்தை முதன்முதல் உண்டாக்கிக் காட்டினார். இரண்டு வேறு உலோகங்களும் அவற்றிடையே உப்புநீரும் கூடினால் அது மின்கலம் ஆகும் என்பதும், அங்ஙனம் ஆகுங்கால் அவற்றுள் ஓர் உலோகம் கரைந்தழியும் என்பதும் நம் மாணாக்கர் அறிந்தனவே.

இனி, வண்டியின் எர்த் முனையை நோக்குக. ஒயரின் முனை பித்தளை அல்லது ஈயம் பூசிய செம்பு. அது தொட்டுநிற்கும் தகடு இரும்பு. இடையே கடற்காற்றுப் படிவித்த உப்பும் ஈரமும். வோல்ட்டாவின் அடுக்கு இங்கு நாம் விரும்பாமலே அமைந்துவிடுகின்றது. இரும்பு துருவாய் உதிர்கின்றது. கடலுப்பு தனிச் சோடியம் குளோரைடு அன்று. அதனொடு கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை மிக எளிதில் ஈர்ப்பது. ஆகவே மழையில்லாத நாளிலும் உப்புப்படிந்த மூட்டு உலர்வதில்லை. ஐப்பசி கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கடலினின்று வீசுங்கால் இச்செயல் மேலும் விரைவுறும்.

செம்புப்பகுதியில் பச்சை நிறமாய்ப் படிவது களிம்பு. செம்பிற் களிம்பு என்பது சைவ சித்தாந்த நூலார் உயிரைப் பற்றிய மலத்திற்குக் கூறும் உவமை. வெளியே துலக்கினாலும் மீண்டும் தோன்றும் அதனியல்பு மின்வேலை செய்வார்க்கும் நினைவிருக்கத் தக்கது. களிம்பும் துருவும் மின்னோட்டத்தை எளிதிற் செல்லவிடா. ஒயர் அறுபடாமல், போல்ட்டு கழலாமல், கண்ணுக்கு யாவும் ஒழுங்காய்த் தோன்றும் போதே பாதை குறுகிப்போகின்றது.

அரை ஓம் செய்யும் கேடு

அங்ஙனம் குறுகியதனால் விளையும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஹாலஜன் பல்புகளுள் பெரிதும் வழங்கும் ஒருவகை, பிரைட் ஒளிக்கு 60 வாட்டும் டிம் ஒளிக்கு 55 வாட்டும் கொண்டது. டிம் இழை 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அதனால் அதன் தடை 2.6 ஓம் அளவினதாம். வண்டி ஓடும்போது விளக்கிற்கு 13.2 வோல்ட்டு வந்து சேர்வதாகவும், எர்த் முனையில் துருவினால் அரை ஓம் தடை தோன்றியதாகவும் கொள்க.

மொத்தத் தடை 3.1 ஓம். ஓம் என்பாரது விதிப்படி மின்னோட்டம் 4.3 ஆம்பியர். துருப்பிடித்த மூட்டில் இழக்கப்படுவது 2.1 வோல்ட்டு, பல்பிற்கு எஞ்சுவது 11.1 வோல்ட்டு. இழையின் சூடு மாறுங்கால் அதன் தடையும் சிறிது மாறுமாதலின் இக்கணக்குத் தோராயமானதே. ஆயினும் உண்மை விளங்கும். ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தமே குறைந்தது என்று ஒருவர் ஆறுதல் கொள்ளலாம். டங்ஸ்டன் இழையின் ஒளியோ மின்னழுத்தம் குறையும் அளவிற்கன்றி, அதன் 3.4 அடுக்கை ஒட்டிக் குறைவது. அக்கணக்கின்படி எஞ்சும் ஒளி நூற்றுக்கு 55 பங்கே. அரை ஓம் துரு ஏறத்தாழப் பாதி ஒளியை உண்டுவிட்டது. அன்றியும், அம்மூட்டில் 9 வாட்டு வெப்பம் ஓயாது தோன்றித் துருவை மேலும் வளர்க்கின்றது.

ஒளி தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவதாதலின், முன்பு 60 மீட்டர் தொலைவில் தெரிந்த ஆள் இப்போது ஏறக்குறைய 45 மீட்டரில்தான் அதே தெளிவோடு தெரிவான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 17 மீட்டர் செல்கின்றது. கண்டது மனத்திற் பட்டுக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆயின், அதற்குள் 25 மீட்டர் கழியும். உலர்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 23 மீட்டர் அளவு வேண்டும். இரண்டும் கூடி 48. நல்ல விளக்குள்ள வண்டி 12 மீட்டர் எஞ்ச நிற்கும். மங்கிய விளக்குள்ள வண்டி நிற்குமுன் ஆளைக் கடந்துவிடும். விடியுமுன் வலையோடு கரைக்குச் செல்லும் மீனவனும், கூடையோடு சந்தைக்கு நடக்கும் பெண்ணும் அந்தச் சில மீட்டர்களிலேயே உயிர்பிழைக்கின்றனர். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் முகப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலுள்ள ஆளையும் வண்டியையும் தெளிவுறக் காட்டவேண்டும் என விதித்திருப்பதன் கருத்தும் இதுவே.

குறியும் குற்றமும்

நோய்க்குக் குறி போல வண்டிக்கும் குறிகள் உள. விளக்கு இரண்டனுள் ஒன்று மட்டும் எரியாவிடின், குற்றம் அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், ஃபியூஸ், எர்த் முனை ஆகியவற்றுள் ஒன்றில் இருக்கும். இரண்டும் ஒருங்கே அணையின், இரண்டிற்கும் பொதுவான சுவிட்ச், ரிலே, பொது ஃபியூஸ் இவற்றைப் பார்க்க வேண்டும். இரு பல்புகளும் ஒரே கணத்தில் இழையறுதல் அரிது. பிரைட் எரிந்து டிம் எரியாவிடின், அந்த இழையோ டிம் சுவிட்சோ பழுது.

எஞ்சின் மெல்ல ஓடுங்கால் மங்கி, விரைவாக ஓடுங்கால் ஒளிரின் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டு தளர்ந்தோ பாட்டரி நலிந்தோ இருக்கலாம். பல்பு அடிக்கடி இழையறுந்தால் மின்னழுத்தம் மிகுந்திருத்தல் கூடும்; மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலே பல்பின் வாழ்நாள் ஏறத்தாழப் பாதியாகும். பள்ளத்தில் இறங்கும்போது மினுக்கினால் எங்கோ மூட்டுத் தளர்ந்துள்ளது.

பிறிதொரு குறி பலரையும் மயக்குவது. திரும்பும் விளக்கைப் போட்டவுடன் முகப்பு விளக்கும் அதனோடு சேர்ந்து துடிக்கும். அல்லது ஒரு விளக்கைப் போட்டால் வேறொன்று மெல்ல ஒளிரும். இதனைக் கண்டு சுவிட்சைக் கழற்றுவாருளர். வடிகால் அடைபட்ட வயலின் நீர் வரப்பைக் கடந்து அடுத்த வயலினுள் புகுவது போல, எர்த் அடைபட்ட விளக்கின் மின்னோட்டம் அண்டையிலுள்ள பல்பின் இழை வழியே மீளும் வழியைத் தேடிக்கொள்கின்றது. இக்குறி தோன்றின் முதலில் எர்த் முனையையே பார்க்க வேண்டும்.

நிறத்தையும் குறியாகக் கொள்ளலாம். பிரான்சு தேசத்தில் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முகப்பு விளக்குகள் மஞ்சள் ஒளியினவாக இருக்க வேண்டுமென விதிக்கப்பட்டு, 1993 வரை அவ்வழக்கம் நிலைத்தது. அம்மஞ்சள் பல்பிலோ கண்ணாடியிலோ வேண்டுமென்றே ஊட்டிய நிறம். அத்தகைய சாயம் எதுவுமில்லாத ஹாலஜன் விளக்குச் செம்மஞ்சளாய் எரியுமாயின், இழைக்குரிய மின்னழுத்தம் வந்து சேரவில்லை என்பதே பொருள். ஆனால் விளக்கின் பிளாஸ்டிக் முகப்பே வெயிலால் மஞ்சளித்துப் புகைபடிந்ததுபோல் இருப்பின், அது மின்பழுதன்று. அதனை மெருகிடுதலோ மாற்றுதலோ வேண்டும்.

ஆராயும் முறை

முதலாவது, எஞ்சினை நிறுத்திப் பாட்டரியை அளக்க. ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டு அளவு காட்டும், 12.2 எனின் பாதியளவே நிறைந்தது. எஞ்சின் ஓடும்போது பெரும்பான்மை வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை காட்டல் வேண்டும்.

இரண்டாவது, ஃபியூஸையும் பல்பையும் கழற்றிப் பார்க்க. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் மிகச்சூடேறிப் பல்பு கெடும்.

மூன்றாவது, விளக்கு எரியும்போதே அளவிடுக. இம்முறையின் உயிர்நாடி இதுவே. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைப்போர் 12 வோல்ட்டு முழுமையும் கண்டு, பாதையில் குற்றமில்லை என முடிவுசெய்கின்றனர். மீட்டர் ஏற்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. சிறிய மின்னோட்டத்திற்குத் துருப்பிடித்த மூட்டும் தடையாவதில்லை. பாதி அடைபட்ட குழாயிலும், திருகை மூடி வைத்திருக்கும்வரை நீரின் அழுத்தம் முழுமையாகவே இருக்கும்; திறந்த பின்னரே அடைப்பு வெளிப்படும். ஆகவே பல்பைப் பொருத்தி எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் முனையிலும் மற்றொன்றைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைக்க. குற்றமற்ற பாதையில் மீட்டர் 0.1 அல்லது 0.2 வோல்ட்டிற்கு மேற்படாது. அரை வோல்ட்டைக் கடப்பின் நோய் அங்கே உள்ளது. பின்னர் அவ்வாறே பாட்டரியின் நேர்முனைக்கும் பல்பிற்கு மின்னோட்டம் வரும் முனைக்கும் இடையே அளந்து, ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் ஆகியவற்றைப் படிப்படியாக நெருங்கினால், எந்த மூட்டைக் கடக்கும்போது மின்னழுத்தம் இழக்கப்படுகிறதோ அம்மூட்டே குற்றமுடையது.

மீட்டர் இல்லாதார்க்கும் வழியுண்டு. தடித்த ஒயர் ஒன்றன் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் பற்றவைத்து, மறுமுனையை எரியும் விளக்கின் எர்த் முனையில் வைக்க. விளக்கு உடனே பளிச்சென ஒளிர்ந்தால் பழைய எர்த் பாதை கெட்டது என்பது கண்கூடு. அந்த ஒயர் நேர்முனையைத் தொடாதவாறு காத்துக்கொள்ள வேண்டும். ரிலேயை ஐயுற்றால், அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேயை அவ்விடத்தில் மாற்றிவைத்துப் பார்க்கலாம்.

குற்றம் கண்டபின் தீர்த்தல் எளிது. முதலில் பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிடுக. போல்ட்டை அகற்றி, ஒயர் முனையையும் தகட்டையும் உப்புத்தாளினால் உலோகம் மின்னும்வரை தேய்க்க. பற்களுள்ள வாஷரிட்டு இறுக்கிய பின்னர் மேலே வாசலீன் பூசுக, ஈரம் உட்புகாது. செப்புக்குடத்தைத் துலக்குவதுபோல் புளிகொண்டு துலக்குதல் இங்குத் தகாது. இடுக்குகளில் தங்கும் புளிப்பு உப்புநீர் செய்த வேலையையே தொடர்ந்து செய்யும். ஒயரின் உள்ளே செம்பு கறுத்திருந்தால் அப்பகுதியை வெட்டி எறிதலே நன்று.

செய்யத்தகாதன

மங்கிய விளக்கிற்கு 100 வாட்டுப் பல்பைப் பொருத்துதல் பெரும்பிழை. 60 வாட்டிற்கு 5 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் 8.3 ஆம்பியராகும். மூட்டில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டியதாதலின், ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகும். ஹோல்டர் உருகும்; ஒயர் கருகும். மூட்டுச் சீரடைந்தாலோ அவ்விளக்கு எதிரே வருவானது கண்ணைப் பறிக்கும். எதிரில் வருவார் கண் கூசாதவாறு ஒளியைத் தாழ்த்த வேண்டுமென்று முற்கூறிய விதிகளே கட்டளையிடுகின்றன.

ஃபியூஸ் உருகினால், அதற்குரிய அளவினதையே இடுதல் வேண்டும். 10 ஆம்பியர் ஃபியூஸ் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள் என நிறத்தால் அறியலாம். செம்புக்கம்பியையோ சிகரெட்டுத் தாளின் ஈயத்தகட்டையோ வைத்துக் கட்டுதல், காவற்காரனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்துவைப்பதை ஒக்கும். எல்.இ.டி. விளக்கும் கணினிக் கட்டுப்பாடும் உடைய புதிய வண்டிகளில், பழைய முறையில் டெஸ்ட் லாம்பை ஒயரில் குத்திப் பார்த்தலாகாது. மென்மையான மின்னணு உறுப்புகள் கெடும். செனான் விளக்குகளில் எரியத்தொடங்கும்போது பல்லாயிரம் வோல்ட்டு தோன்றுமாதலின், பயிற்சியில்லாதார் அவற்றைத் தொடலாகாது. ஆயினும் எத்துணைப் புதிய வண்டியாயினும் எர்த் முனை என்பது ஒன்று உண்டு. உப்பு அதனை விலக்கிவைப்பதில்லை.

கடலோரத்தில் வாழ்வார் திங்களுக்கு ஒருமுறை வண்டியின் முன்பகுதியை நன்னீரால் மெல்லக் கழுவி உலரவிடுவதும், மழைக்காலத்திற்கு முன் எர்த் முனைகளைத் திறந்து துடைத்து வாசலீனிடுவதும் நலம் பயக்கும். இதற்கு ஆகும் செலவு ஓர் உப்புத்தாளும் அரைமணிப் பொழுதுமே. வாடகை வண்டியோட்டிப் பிழைக்கும் ஏழை, வேண்டாத பாட்டரி ஒன்றை வாங்காமல் தப்பினால் அது அவன் குடும்பத்திற்குச் சிறிய ஊதியமன்று.

நம் வகுப்பறையில் ஓமின் விதியைப் பலகையில் எழுதிப் படித்து, தேர்வில் விடை எழுதி மறந்துவிடுவார் பலர். அவ்விதி குருசுக்குப்பத்துத் தெருவில் நிற்கும் வண்டியின் துருப்பிடித்த போல்ட்டினடியிலும் உள்ளது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணாக்கர் தத்தம் வீட்டு வண்டியின் எர்த் முனையை ஒருமுறை அளந்து பார்ப்பாராக. கற்றது அங்கே பயன்படும். இருளில் வழிநடக்கும் ஒருவர்க்கு அது காவலாகவும் அமையும்.